அப்பா சொல்லாமல் விட்டுப்போன பாலிசிகள்

அப்பா தவறிய பதினெட்டாம் நாள், பரணில் இருந்த தகரப் பெட்டியைத் தம்பியும் நானும் கீழே இறக்கினோம். பூட்டு இல்லை, தாழ்ப்பாளில் ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது. மேலாக ஒரு மஞ்சள் பை. அதற்குள் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், எங்கள் இரண்டு பேரின் ஜாதகம், வீட்டு வரி ரசீதுகள். பைக்கு அடியில் நூல் கட்டிய காகிதக் கட்டுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அதுல ஒண்ணும் இருக்காது. இன்சூரன்ஸ் எல்லாம் முடிஞ்சு அப்பவே வாங்கிட்டாரு."

தம்பிக்கும் அதே எண்ணம்தான். பழைய பேப்பர்காரர் அன்று மாலை வருவதாக இருந்தது. அந்தக் கட்டுகளை அவரிடம் எடைக்குப் போடத் திண்ணை ஓரத்தில் அடுக்கியும் வைத்துவிட்டேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தக் கட்டுகளில்தான் எல்லாம் இருந்தது.

அப்பா உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்திருந்தார். வீடு அம்மாவின் காலம் வரை அம்மாவுக்கு, பிறகு எங்கள் இருவருக்கும். மற்ற அசையும் சொத்துகள் எல்லாம் அம்மாவுக்கு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை மூத்த மகளான என்னிடம் கொடுத்திருந்தார். வக்கீல் பாஷையில் நான் எக்ஸிக்யூட்டர். அந்த வார்த்தை முதலில் ஒரு மரியாதை மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, அது ஒரு வேலை என்று. இறந்தவருக்கு என்னென்ன இருந்தது, யாரிடமிருந்து என்ன வர வேண்டும், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று தேடித் திரட்டுகிற வேலை. "அசையும் சொத்துகள்" என்று இரண்டு சொல்லில் அப்பா முடித்துவிட்டார். அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது.

பேப்பர்காரர் வருவதற்குள் ஒரு கட்டைச் சும்மா அவிழ்த்தேன். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். ஆசிரியர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பிப்ரவரி மாதம் என்றால் என்னவென்று தெரியும். வருமான வரிப் படிவம் எழுதும் மாதம். பள்ளியிலிருந்து நீளமான தாளைக் கொண்டுவந்து, கார்பன் வைத்து, ஸ்கேலால் கோடு போட்டு, இரவு பதினொரு மணி வரை அப்பா கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். அந்தக் கார்பன் நகல்கள்தான் அந்தக் கட்டு. வருடத்துக்கு ஒன்றாக, குண்டூசித் துரு ஊறிய தாள்கள். ஒவ்வொன்றிலும் "சேமிப்புகள்" என்று ஒரு பகுதி. தொண்ணூறுகளில் 88-ஆம் பிரிவு, 2005-க்குப் பிறகு 80சி. அதன் கீழே அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் சேமநல நிதி, சிறப்பு சேமநல நிதி, குடும்ப நல நிதி, எல்.ஐ.சி., பி.எல்.ஐ. என்று வரிசை. எல்.ஐ.சி.க்கு நேராகத் தொகை மட்டும் இல்லை, பாலிசி எண்ணும் இருந்தது. கழிவு கேட்கிறவர் எண்ணைக் காட்ட வேண்டும் என்பதால் எழுதியிருக்கிறார்.

பேப்பர்காரரை வெறுங்கையோடு அனுப்பினோம்.

யாராவது என்னிடம் "அப்பா அம்மாவின் இன்சூரன்ஸை எப்படித் தேடுவது" என்று கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான். பாலிசிப் பத்திரத்தைத் தேடாதீர்கள். பணம் போன தடத்தைத் தேடுங்கள். பத்திரம் வீட்டில் இல்லாமல் போக நூறு காரணம் உண்டு. பாலிசி மேல் கடன் வாங்கியிருந்தால் பத்திரம் எல்.ஐ.சி.யிடமே இருக்கும். வீட்டுக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருந்தால் வங்கியில் இருக்கும். கரையான் தின்றிருக்கும், வீடு மாறும்போது தொலைந்திருக்கும். ஆனால் பிரீமியம் என்பது வருடக்கணக்கில் வீட்டிலிருந்து வெளியே போன பணம். போன பணம் எங்காவது ஒரு காகிதத்தில் கோடு போட்டுவிட்டுத்தான் போயிருக்கும். சம்பளப் பட்டியல், பாஸ்புக், வரிப் படிவம், வரவு செலவு நோட்டு, டைரி, இப்போதென்றால் போனில் வந்த எஸ்.எம்.எஸ். இதில் ஏதாவது ஒன்றில் சிக்கும்.

(அப்பாவின் சிம்மை உடனே சரண்டர் செய்துவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாவது குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். தவணை நினைவூட்டல் வருவது அந்த எண்ணுக்குத்தான்.)

நான் செய்தது இது. பழைய காலண்டர் தாள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, 1985 முதல் அப்பா ஓய்வு பெற்ற 2008 வரை ஒவ்வொரு வருடப் படிவத்திலும் எந்தெந்த எண் வருகிறது என்று குறித்தேன். எண் எந்த வருடம் முதலில் வருகிறது, எந்த வருடம் கடைசியாக வருகிறது. ஐந்து பாலிசிகள் கிடைத்தன. எல்.ஐ.சி. நான்கு, பி.எல்.ஐ. ஒன்று. அப்புறம் பழைய பாஸ்புக்குகளை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முடிவு தேடினேன். பாலிசி என்றால் ஏதாவது ஒரு முடிவு இருந்தாக வேண்டும். முதிர்வுத் தொகை வந்திருக்க வேண்டும், அல்லது சரண்டர் செய்திருக்க வேண்டும், அல்லது பாதியில் நின்று பெய்ட்-அப் ஆகியோ (கட்டிய அளவுக்குக் குறைந்த தொகையோடு நிற்பது) லேப்ஸ் ஆகியோ (காலாவதியாவது) கிடக்க வேண்டும். இரண்டு எண்டோமென்ட் பாலிசிகள் சம்பளத்தில் பிடித்தவை. இரண்டுக்கும் 2001-இலும் 2007-இலும் வங்கியில் பணம் வரவாகியிருந்தது. ஒரு மணிபேக் 2012-இல் முடிந்திருந்தது. மூன்றுக்கும் டிக் போட்டேன்.

நான்காவது எண்ணுக்கும் முடிவு கிடைத்தது. 2003 மார்ச்சில் ஆரம்பித்து, 2018 மார்ச்சில் முதிர்வுத் தொகை வந்து, அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு மேல்தளம் போட்டோம். எனக்கே நினைவிருந்தது. அதற்கும் டிக் போட்டுவிட்டேன். "பார்த்தியா, நான்தான் சொன்னேனே. எல்லாம் முடிஞ்ச பாலிசி, அக்கா" என்றான் தம்பி.

அந்த டிக்கை அழிக்க வைத்தவர் எல்.ஐ.சி. அத்தை.

அவர் எங்களுக்கு உறவு இல்லை. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு சாரின் மனைவி. ஆசிரியர்களில் பலர் அப்போது ஏஜென்சியை வீட்டம்மா பெயரில் எடுத்திருந்தார்கள். சார் ஆள் பிடிப்பார், அத்தை கணக்கு எழுதுவார். சார் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அத்தைக்கு எண்பதை ஒட்டிய வயது, கண்ணில் புரை எடுத்திருக்கிறது. ஆனால் அந்த நீளவாக்கு நோட்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். கோடு போட்ட நோட்டு, ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். அப்பாவின் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். எண், ஆரம்பித்த தேதி, திட்ட எண், தொகை, அரையாண்டா காலாண்டா. நான்காவது வரியில் விரல் நின்றது.

"இது என்ன டிக்கு போட்டிருக்க?"

"மெச்சூரிட்டி வாங்கியாச்சு அத்தை. 2018-லயே."

"ஏன் தாயி, இது நூத்தி நாப்பத்தொம்பதுல்லா. ஜீவன் ஆனந்து. மெச்சூரிட்டி வாங்கினாலும் இது முடியாதுல்லா. உங்க அப்பா இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும். அவரு போனப்புறம் இன்னொரு தடவ குடுப்பான்."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீவன் ஆனந்த் திட்டத்தின் அமைப்பே அப்படித்தான். பிரீமியம் கட்டும் காலம் முடிந்ததும் காப்பீட்டுத் தொகையும் போனஸும் கைக்கு வரும். அதற்குப் பிறகு பிரீமியம் கிடையாது, ஆனால் காப்பீடு தொடரும். பாலிசிதாரர் எப்போது இறந்தாலும் அடிப்படைக் காப்பீட்டுத் தொகை மறுபடியும் நாமினிக்கு உண்டு. அப்பாவுடையது ஒரு லட்ச ரூபாய் பாலிசி. பழைய 149 மட்டும் இல்லை, அதற்குப் பின் வந்த நியூ ஜீவன் ஆனந்த்திலும் இதே ஏற்பாடுதான். தமிழ்நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பாலிசி இருக்கும். எத்தனை வீடுகளில் "அதுதான் மெச்சூர் ஆயிடுச்சே" என்று பத்திரத்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. உங்கள் வீட்டில் எல்.ஐ.சி. காகிதம் எது கிடைத்தாலும் திட்ட எண்ணைப் பாருங்கள். பிரீமியம் ரசீதிலேயே அது இருக்கும். பாலிசி எண், திட்டமும் காலமும், தவணைத் தேதி, ஏஜெண்டின் குறியீட்டு எண், எந்தக் கிளை என்பது எல்லாம் அந்த ஒரு சின்னச் சீட்டில் இருக்கிறது. ஏஜெண்ட் யாரென்றே தெரியாவிட்டாலும் அந்தக் குறியீட்டைக் காட்டினால் கிளையில் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கிளெய்ம் எளிதாகவே முடிந்தது. நாமினி அம்மா. அம்மாவின் கையெழுத்தோடு கிளெய்ம் படிவம், இறப்புச் சான்றிதழ், பத்திரம், அம்மாவின் ஆதாரும் வங்கி விவரமும். மூன்று வருடத்துக்கு மேல் ஓடிய பாலிசி என்றால் டாக்டர் சான்று, ஆஸ்பத்திரிக் காகிதம் என்று அதிகம் கேட்பதில்லை. மூன்று வருடத்துக்குள் இறப்பு நடந்திருந்தால்தான் விசாரணை, கேள்வி எல்லாம். இடையில் தவணை கட்டாமல் விட்ட பாலிசியாக இருந்தாலும் கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்று முழு வருடம் கட்டிய பிறகு நின்று, கட்டாத முதல் தவணைத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தால், ஐந்து வருடம் கட்டியிருந்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் இறந்திருந்தால், பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு முழுத் தொகையையும் தருகிற சலுகை எல்.ஐ.சி.யில் உண்டு. "கட்டாம விட்டுட்டாரே" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக்கூடாது.

இன்டர்நெட்டில் தேடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். தேடினேன். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தன்னிடம் கேட்பாரற்றுக் கிடக்கும் தொகைகளை, ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ளவற்றை, தன் இணையதளத்தில் தேடிப் பார்க்க வசதி செய்ய வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. எல்.ஐ.சி. தளத்திலும் அந்தப் பக்கம் இருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துத் தேடலாம், பாலிசி எண்ணோ பான் எண்ணோ இருந்தால் இன்னும் நல்லது. இங்கே நம் ஊர்ப் பெயர்களின் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். இனிஷியல் முன்னால் போட்டும் தேடுங்கள், பின்னால் போட்டும் தேடுங்கள். அப்பாவின் பெயர் ஓர் ஆவணத்தில் "யன்" என்று முடிகிறது, இன்னொன்றில் "யம்" என்று முடிகிறது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது அது இன்னும் நாலு விதமாக மாறும். பிறந்த தேதியும் அப்படித்தான். ஜாதகத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியது ஒன்று. பாலிசியில் இருப்பது பள்ளிக்கூடத் தேதி. ஜாதகத் தேதியைப் போட்டால் ஒன்றும் வராது.

சரி, எல்லா விதத்திலும் தேடினேன். "விவரம் இல்லை" என்றே வந்தது. ஜீவன் ஆனந்த் அப்போது கிளெய்ம் ஆகாமல் உயிரோடு இருந்தும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தபோதுதான் ஒரு விஷயம் புலப்பட்டது. இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தப் பட்டியலில் வருவது, கொடுக்க வேண்டியது என்று நிறுவனத்துக்கே தெரிந்து, கொடுக்க முடியாமல் கிடக்கிற பணம். முதிர்வு முடிந்தும் வாங்காதது, செக் திரும்பி வந்தது, இப்படி. அப்பா இறந்துவிட்டார் என்பதே தெரியாத ஒரு நிறுவனத்தின் கணக்கில் அப்பாவின் பாலிசி இன்னும் நடப்பில் இருக்கும் பாலிசி. அது எப்படிக் கேட்பாரற்ற பட்டியலில் வரும்? ஆகவே அந்தப் பக்கத்தில் பெயர் வந்தால் நல்லது. வரவில்லை என்பதால் பாலிசி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று. பத்து வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்த தொகையை நிறுவனங்கள் மத்திய அரசின் மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றிவிட வேண்டும். 2015-இல் வந்த சட்டம். மாற்றிவிட்டாலும் போனது போனதுதான் என்று இல்லை. அதற்குப் பிறகும் 25 வருடம் வரை உரியவர் அந்த நிறுவனத்தின் மூலமாகவே கேட்டு வாங்கலாம். அதே போல, தாமதமாக வந்தாய் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளெய்மை நிராகரிக்கக்கூடாது என்று 2011-இலேயே ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அப்பா போய் ஏழெட்டு வருடம் ஆகிவிட்டதே, இனி என்ன கேட்பது என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேளுங்கள்.

தேடத் தொடங்கிய பிறகு ஒரு போன் வந்தது. "உங்க அப்பா பேர்ல போனஸ் தொகை இருக்கு மேடம், ப்ராசஸிங் கட்டணம் மட்டும் கட்டுங்க." நல்ல தமிழ், அப்பாவின் பெயரும் சரியாகச் சொன்னார்கள். நம்பிவிடாதீர்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. யாருக்கும் போன் செய்து போனஸ் தருவதில்லை என்று அவர்களே திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறார்கள். உங்கள் பணத்தைக் கொடுக்க உங்களிடமே முன்பணம் கேட்கிற யாரும் உங்களுக்குப் பணம் தரப்போவதில்லை.

இப்போது ஐந்தாவது எண். பி.எல்.ஐ.

இதைப் பற்றி நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அம்மாவுக்கும் தெரியாது. வரிப் படிவங்களில் ஒவ்வொரு வருடமும் ஒரே தொகை. மாதம் 31 ரூபாய். சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். 2007 நவம்பரில், அப்பாவுக்கு 58 முடிந்த மாதத்தோடு அது நின்றுவிட்டது. கல்வியாண்டு முடியட்டும் என்று ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் நீட்டிப்பில் அப்பா 2008 மே 31 வரை வேலை பார்த்தார். அந்தக் கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டில் இந்த 31 ரூபாய் இல்லை. ஆனால் பாஸ்புக்கில் எங்கும் அதற்கான முதிர்வுத் தொகை இல்லை. பிரீமியம் நின்றிருக்கிறது, பணம் வரவில்லை. அப்படியென்றால் என்ன?

பி.எல்.ஐ. என்பது அஞ்சல் துறையின் ஆயுள் காப்பீடு. 1884-இல், வெள்ளைக்காரன் காலத்தில் தபால் ஊழியர்களுக்காகத் தொடங்கியது. எல்.ஐ.சி. 1956-இல்தான் வந்தது, அதற்கு எழுபது வருடம் மூத்தது இது. பிறகு மற்ற அரசு ஊழியர்களுக்கும் விரிந்தது. 1995-இலிருந்து கிராமத்து மக்களுக்கென்று கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடும் இருக்கிறது. தபால்காரரோ கிளை அஞ்சலக அலுவலரோ சொல்லிச் சேர்ந்த விவசாயக் குடும்பங்கள் எத்தனையோ. காப்பீட்டு நிறுவனங்களின் இணையப் பக்கங்களை எத்தனை தேடினாலும் இந்தப் பாலிசிகள் அங்கே கிடைக்காது. தபால் ஆபீசுக்குத்தான் போக வேண்டும்.

கோவில்பட்டி தலைமை அஞ்சலகத்துக்கு வரிப் படிவங்களையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த அம்மா என் வயதுதான் இருப்பார். எண்ணைத் தட்டிப் பார்த்தார், வரவில்லை. அப்பாவின் சாய்ந்த எழுத்தில் ஒன்று ஏழு மாதிரி இருந்தது. நான் ஏழு என்று படித்திருந்தேன். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "இது ஒன்னுங்க மேடம், மேல கோடு இழுத்து எழுதியிருக்காரு" என்றார். ஒன்று போட்டுத் தட்டினார். திரையில் அப்பாவின் பெயர் வந்தது. 1983-இல் எடுத்தது. சுரக்ஷா, அதாவது முழு ஆயுள் பாலிசி. பத்தாயிரம் ரூபாய், போனஸ் தனி.

முழு ஆயுள் பாலிசியில் பிரீமியம் கட்டும் வயது முன்பே முடிந்துவிடும். 55, 58, 60 என்று எடுக்கும்போதே நாம் தேர்ந்தெடுப்பது. பணம் வருவது எண்பது வயது ஆகும்போது, அல்லது அதற்கு முன் இறந்தால் அப்போது. அப்பா 73 வயதில் போனார். 2007-க்கும் 2023-க்கும் நடுவில் பதினைந்து வருடத்துக்கு மேல் அந்தப் பாலிசி எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தவணையும் இல்லை, ரசீதும் இல்லை, அப்பாவே மறந்துபோயிருப்பார். முப்பத்து நாலு வயதில், எனக்கு மூன்று வயது இருக்கும்போது, மாதம் 31 ரூபாயை எடுத்து வைத்திருக்கிறார். அந்த அம்மாவிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றேன்.

உயிலும் எக்ஸிக்யூட்டர் பொறுப்பும் உண்மையில் வேலை செய்தது இந்தப் பாலிசியில்தான். நாமினியாக அப்பா எழுதியிருந்தது தன் அம்மாவை, எங்கள் ஆச்சியை. ஆச்சி 1994-இலேயே போய்விட்டாள். அப்பா மாற்றவே இல்லை. நாமினி உயிரோடு இருந்தால் உயிலில் என்ன எழுதியிருந்தாலும் பணம் முதலில் நாமினி கைக்குத்தான் போகும். ஜீவன் ஆனந்த் அப்படித்தான் அம்மாவுக்கு வந்தது, உயிலை யாரும் கேட்கவில்லை. நாமினி வாங்கிய பணம் யாருக்குச் சொந்தம் என்பது தனிக் கேள்வி. நாமினி வாரிசுகளுக்காக வாங்கி வைக்கிறவர் மட்டுமே என்று 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று சேர்த்தார்கள். ஆனால் நாமினியே முன்னால் போய்விட்டால் அந்தப் பணம் இறந்தவரின் சொத்தில் சேர்ந்துவிடும். அப்போதுதான் உயில் பேசும், உயில் இல்லையென்றால் வாரிசுரிமை பேசும்.

இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து, தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ் வந்தது. அம்மா, நான், தம்பி மூன்று பெயர். உயிலின் நகலையும் இணைத்து, அம்மா வாங்கிக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நானும் தம்பியும் எழுதிக் கொடுத்தோம். பத்திரம் இல்லாததற்கு இண்டெம்னிட்டி பாண்டு, அதாவது பின்னால் சிக்கல் வந்தால் நாங்களே பொறுப்பு என்ற உறுதிப் பத்திரம். சின்னத் தொகை, எங்களுக்குள் தகராறும் இல்லை, அதனால் கோர்ட் வாசலை மிதிக்காமல் முடிந்தது. பெரிய தொகையோ, அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடோ என்றால் வாரிசுரிமைச் சான்று கோர்ட்டில் வாங்கச் சொல்வார்கள். அது வேறு நடை.

உங்கள் அப்பாவோ அம்மாவோ என் அப்பாவை விட இளையவர் என்றால் தேட வேண்டிய இடங்களும் மாறும். பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் கழிந்திருக்கிறதா பாருங்கள். 2022-க்கு முன்பு 330. அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 55 வயது வரை இரண்டு லட்சம். 20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, அதற்கு முன்பு 12. கையெழுத்துப் போட்டவருக்கே நினைவிருக்காது, வங்கியில் நீட்டிய தாளில் போட்டிருப்பார்கள். வேலையில் இருக்கும்போதே இறந்து, பி.எஃப். பிடித்த கம்பெனி என்றால் இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு தானாகவே உண்டு. தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க மாட்டார், ஆனால் ஏழு லட்சம் வரை வரும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால், கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்தார்களா என்று கேட்காமல் ஒரு தவணையும் கட்டாதீர்கள். கிளெய்ம் இழுத்தடிக்கப்பட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார்த் தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். அதற்கும் மேல், சென்னையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

பி.எல்.ஐ. பணம் வந்த அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் பாஸ்புக்கில் பிரிண்ட் போட்டோம். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். தொகையைக் கேட்கவில்லை. "எந்த வருஷம் போட்டாருன்னு சொன்ன?" என்றாள். எண்பத்து மூணு என்றேன். "அப்பம் நாம வாடகை வீட்ல இருந்தோம்" என்றாள். வீடு வரும் வரைக்கும் வேறு பேசவில்லை.

என் காலண்டர் தாளில் இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. வரிப் படிவங்களில் வராத எண். கட்டின் அடியில் கிடந்த 1974-ஆம் வருட டைரியில், ஆகஸ்ட் பக்கத்தில், "எல்.ஐ.சி. 8.35" என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண். அப்பா அப்போது விருதுநகரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார், கல்யாணம் ஆகவில்லை. அந்த எண்ணின் ஆறாவது இலக்கத்தில் மை பரவியிருக்கிறது, மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். பாதியில் விட்ட பாலிசியாக இருக்கலாம், இருநூறு முந்நூறு ரூபாய் பெய்ட்-அப் மதிப்பாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். எல்.ஐ.சி. அத்தையிடம் காட்டினேன். "நான் ஏஜென்சி எடுக்கதுக்கு முந்தி" என்றார். வருகிற புதன்கிழமை லீவு போட்டிருக்கிறேன். டைரியை எடுத்துக்கொண்டு விருதுநகர் கிளைக்குப் போகிறேன், இரண்டு எண்ணையும் தட்டிப் பார்க்கச் சொல்ல.